ஒரு முழுக்கைச் சட்டை நேர வெயில்

பாப்பா,

அன்றைக்கு நீ போன் பண்ணியபோது, "என்னாப்பா, பின்னாடி ஒரே சத்தமா இருக்குது, யாரு வந்துருக்காங்க?" என்று கேட்டாய். "டிவிம்மா" என்றேன். அது டிவி இல்லை. நம் வீட்டு டிவி இந்த மழை தொடங்கியதிலிருந்து படம் காட்டுவதில்லை, குரல் மட்டும்தான் வருகிறது. முகம் தெரியாத ஆட்கள் சண்டை போடுவதை எவ்வளவு நேரம் கேட்பது என்று அணைத்து வைத்துவிட்டேன். நீ கேட்டது நம் சந்துப் பையன்களின் சத்தம். அதைப் போனில் சொல்ல எனக்கு வராது. போனில் நான் சாப்பிட்டேன் என்பேன், நீ மாத்திரை போட்டாயா என்பாய், போட்டேன் என்பேன், அதற்குள் உன் ஆபீசில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

அதனால்தான் கடிதம். எழுதுவது ஸ்டெல்லா டீச்சர். உனக்குத் தெரியும், எனக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் வராது. துணி கொடுக்க வந்தவரை உட்காரவைத்துக் கேட்டேன். "நீங்க பேசுங்கண்ணே, நான் எழுதறேன். ஆனா நீங்க பேசற மாதிரியே எழுதினா அந்தப் பொண்ணு படிக்கத் திணறும், கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவேன்" என்றார். திருத்தினாலும், மராத்திப் பள்ளியில் படித்த நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகவே படி. நீ படித்து முடிக்கிறவரை நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. எழுதி முடித்ததும் புனே தமிழ்ச் சங்க மலரில் போடலாமா என்று டீச்சர் இப்போதே கேட்கிறார். போடட்டும், பேர் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

சொல்ல வந்தது இதுதான். நீ டீ-ஷர்ட்டுக்கு அச்சுப் போட்ட அந்தச் சாமான்களை எல்லாம் மேஜையோடு எடுத்துப் போக உன்னோடு படித்த பையன் ஞாயிற்றுக்கிழமை வருவான் என்று சொல்லியிருந்தாய். அதைக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, வாகட்டில் உன் வீட்டுக்கே வந்துவிடு என்றாய். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது கேட்கிறேன், அந்தப் பையனை அனுப்பாதே. ஏன் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்தான், ஆனால் ஒரு வரியில் சொன்னால் நீ ஒரு வரியில் மறுத்துவிடுவாய். அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

நீ காலேஜில் கடைசி வருஷம் இருந்தபோது ஒருநாள் நான் இஸ்திரி வண்டியை விட்டுவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வந்தால், நம் ஜன்னலில் திரை இல்லை. மர ரீப்பரை நாலு பக்கமும் அடித்துச் சட்டமாக்கி, அதில் அந்த நைலான் திரையை முரசுத் தோல் மாதிரி இழுத்துக் கட்டி ஆணி அடித்துக்கொண்டிருந்தாய். "என்னாடி இது, ஜன்னலு பூரா தொறந்து கெடக்குது?" என்றேன். "திரை மெல்லிசா இருக்குதுப்பா, இதுல மை எறங்கும்" என்றாய். எதில் மை, எதற்கு இறங்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் என் இஸ்திரி மேஜையிலேயே கதவுக் கீலை வைத்து அந்தச் சட்டத்தை முடுக்கிவிட்டாய். சட்டத்தைத் தூக்குவாய், கீழே சட்டையை விரிப்பாய், இறக்குவாய், ரப்பர் வைத்த கட்டையால் மையை ஒரே இழுப்பாக இழுப்பாய், தூக்கினால் சட்டையில் படம். நான் நாற்பது வருஷமாகத் துணியைத் தொட்டுக்கொண்டிருக்கிறவன், துணியில் இப்படி ஒன்று பூத்து நான் பார்த்ததில்லை.

திரை இல்லாத ஜன்னல் என்றால் நம் ஏரவாடாச் சந்தில் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சந்தில் போகிற ஒவ்வொரு தலையும் உள்ளே எட்டிப் பார்க்கும். எதிர்வீட்டு மராத்திக்கார அக்கா ருக்மிணி தாய் பக்கோடாத் தட்டோடு வந்து ஜன்னலிலேயே நின்று நீ வேலை செய்வதை வேடிக்கை பார்ப்பார், தட்டு காலியானதும் போவார், நமக்கென்று கொண்டுவந்த தட்டுதான் அது. பால்காரன் பார்ப்பான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கம்பியில் தொங்கும். உன் அம்மா போனதிலிருந்து மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வீடு, கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

அதில் என் வேலை கடைசி வேலை. மை காய்ந்ததும் மேலே ஒரு காகிதம் போட்டுச் சூடாக இஸ்திரி போட வேண்டும், அப்போதுதான் துவைத்தாலும் போகாது என்றாய். இதென்ன பெரிய வேலை என்று முதல் சட்டையை எடுத்தேன். துணியைப் பார்த்ததும் என் கை தானாகத் தண்ணீர்க் குவளைக்குப் போய்விட்டது. நாற்பது வருஷப் பழக்கம், தெளித்துவிட்டேன். நீ வரைந்த யானை தும்பிக்கையிலிருந்து வால்வரை கரைந்து ஓடிற்று. நீ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாய். "அப்பா, யானையக் குளிப்பாட்டிட்டியா?" என்று பிறகு நீயே சிரித்தாய். அன்றிலிருந்து அச்சு வேலை என்றால் தண்ணீர்க் குவளையைக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்துவிடுவாய்.

தையில் உன் கல்யாணம். பந்தியில் பரிமாறுகிற பையன்களுக்கு ஒரே மாதிரிச் சட்டை வேண்டும் என்று நீயே படம் போட்டாய். என் பழைய கரி இஸ்திரிப் பெட்டி, அதன் கைப்பிடியில் ஒரு குருவி. சூடான பெட்டியில் குருவி எப்படியடி உட்காரும், கால் சுட்டுவிடாதா என்றேன். "கரி அணைஞ்சப்புறம் உக்காந்துருக்குதுப்பா" என்றாய். நீ போட்ட கடைசி அச்சு அதுதான். நீ போன பிறகு உன் சட்டங்களில் இரண்டை உன் காலேஜ் பிள்ளைகள் வந்து வாங்கிப் போனார்கள், திரை கட்டிய பழைய சட்டத்தை எலி கடித்துவிட்டது. மிச்சம் இருந்தது அந்தக் குருவிச் சட்டம் ஒன்றுதான். அதைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். ஜன்னலுக்கும் ஒரு திரை வாங்கிப் போட்டேன், தடித்த துணி. உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை, எதற்குத் திறந்து கிடக்க வேண்டும் என்றுதான். ஆனால் அந்தத் திரையைப் போட்ட பிறகு எனக்கு வெளியே பார்ப்பதும் நின்றுபோய்விட்டது.

உன் வீட்டில் வந்து தங்கினேனே, அதையும் சொல்லிவிடுகிறேன், நீ அதில் மனசு கோணிக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை தங்கமான மனுஷன். கேட்டில் அந்த வாட்ச்மேன்தான், "கிஸ்கே பாஸ் ஜானா ஹை, பாபா?" என்று நான் டீ குடிக்கப் போய்த் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் கேட்டான். யாரிடம் போக வேண்டும் என்பதற்கு மகளிடம் என்றால், எந்த வீட்டு மகள் என்பான். நம்பர் எனக்கு நினைவில் நிற்காது. நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனதும் ஜன்னலில் நிற்பேன். பதினோராவது மாடியிலிருந்து பார்த்தால் மனுஷர்கள் தெரிகிறார்கள், முகம் தெரியவில்லை. என்ன செய்வது என்று அலமாரியில் இருந்த துணியை எல்லாம் எடுத்து இஸ்திரி போட்டேன். போட்டதையே மறுபடி போட்டேன். தலையணை உறைக்குக்கூட மடிப்பு வைத்தேன். நீ வந்து பார்த்துவிட்டு, "ஏம்பா இப்டி பண்ற? சும்மா இருக்க மாட்டியா?" என்று கோபப்பட்டாய். "சும்மா இருக்க முடியாம தாம்மா பண்ணன்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். நீ பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றாய். கண்ணாடியில் இருந்த தூசியில் விரலால் ஏதோ வரைந்தாய். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் உள்ளங்கையால் துடைத்துவிட்டு, "டீ போடட்டாப்பா?" என்றாய். என்ன வரைந்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சரி, கதைக்கு வருகிறேன். டீச்சர் பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறுகிறார்.

ஆடி பிறந்ததும் சரவணனும் அவன் கூட்டாளி வைபவும் வந்தார்கள். நம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று பையன்கள் எல்லாம் ஒரே சட்டை போடுவது நீ ஆரம்பித்து வைத்த வழக்கம்தானே. மழை கொட்டுகிறது, படியேறாமல் வாசலிலேயே குடையோடு நிற்கிறார்கள். "மாமா, அக்கா தான் இல்லயே. கேம்ப் பஜார்ல ஒரு கடைல மெஷின்ல போட்டுத் தராங்களாம். உங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்" என்றான் சரவணன். "உள்ள வாடா, நனையாத." "இல்ல மாமா, போணும்." பாப்பா, அவர்கள் அப்படித் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த வருஷம் கடைக்குப் போனால் அடுத்த வருஷமும் கடைதான். அப்புறம் இந்தப் படியில் ஏற யாருக்கு என்ன வேலை? துணி கொடுப்பவர்கள் வண்டியிலேயே மூட்டையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது, "நான் போட்டுத் தரன்."

"காகா, ஆப்?" என்றான் வைபவ். மாமா, நீங்களா என்று கேட்கிறான்.

"மாமா, நீங்க இஸ்திரி தான போடுவீங்க" என்றான் சரவணன்.

"அவ போடறத நான் கூடவே பாத்துக்கினு தானடா இருந்தன். தெனம் பாத்தவனுக்குத் தெரியாதா?"

"எங்க மம்மியும் தெனம் சீரியல் பாக்குது. நடிக்கத் தெரியுமா?"

சிரித்துவிட்டோம். சிரித்த சிரிப்பில் இரண்டு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள், கட்டிலில் உட்கார்ந்தும் விட்டார்கள். டீ போட்டேன். நீ போன பிறகு நான் ஒரு டம்ளருக்கு மேல் டீ போட்டது அன்றைக்குத்தான். அளவு தெரியாமல் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டேன், குடித்தார்கள்.

அவர்களுக்கு வேண்டியது ஒரு சூலம், சுற்றி வேப்பிலை. ஜெராக்ஸ் கடையில் காகிதத்தில் கறுப்பாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். சட்டம்தான் ஒன்றே ஒன்று. அதில் உன் குருவி. சூலம் வர வேண்டும் என்றால் குருவியைக் கழுவ வேண்டும். நீ கேட்பாய், ஜன்னல் திரையைக் கழற்றிப் புதுச் சட்டம் கட்டியிருக்கலாமே என்று. இப்போது இருப்பது போர்வை மாதிரித் துணி, அதில் மை இறங்காது, தடவிப் பார்த்துவிட்டேன். ரவிவார் பேட்டைக் கடைக்குப் போய் வலைத்துணி வாங்க எனக்கு அதன் பேரும் தெரியாது, நெசவு நம்பரும் தெரியாது. உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்கு என்பாய், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வருகிறானே என்பாய்.

குளிக்கிற மோரியில் சட்டத்தைச் சாய்த்து வைத்து, நீ செய்கிற மாதிரியே ப்ளீச்சிங் தண்ணீர் கரைத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ இந்த வீட்டில் விட்டுப்போனதில் வேறு எதற்கும் நான் இப்படி யோசித்ததில்லை. உன் செருப்பு ஒன்று கிடந்தது, ருக்மிணி தாயின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். உன் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டேன். குருவி என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. குழாயில் தண்ணீர் வருகிற நேரம் முடியப் போகிறது, இனி மறுநாள் காலைதான் வரும். பையன்கள் மறுநாள் கடைக்குப் போய்விடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன். பிரஷால் தேய்த்தேன். பெட்டி கரைந்தது, கைப்பிடி கரைந்தது, குருவி கடைசியாகப் போயிற்று.

கழுவிவிட்டுச் சுத்தமாயிற்றா என்று சட்டத்தை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். பாப்பா, நான் பார்த்ததை நீயும் எப்போதாவது பார்த்திருப்பாய், எனக்குத்தான் சொல்லவில்லை. வலையில் நிழலாகக் குருவி இருக்கிறது. அதன் பின்னால் மங்கலாகப் போன வருஷத்துப் பிள்ளையார். இன்னும் பின்னால் தயிர்ப்பானை உடைக்கிற பையன்கள் ஒருவன் தோளில் ஒருவன். நீ அந்தச் சட்டத்தில் போட்டது எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அப்படியே நிற்கிறது. மறுபடி தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. பிறகு தேய்க்கவில்லை.

நீ விட்டுப்போன மருந்தைப் பூசி, வெளிச்சம் படாமல் மோரியில் கதவைச் சாத்திக் காயவைத்தேன். இனி வெயில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடத்தில் மருந்து இறுகும், கறுப்புப் படம் மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கரைந்து மைக்கு வழிவிடும். ஆனால் ஆடி மாசத்துப் புனேயில் வெயிலுக்கு எங்கே போவது? காய்ந்த சட்டத்தைக் கறுப்புக் கம்பளியில் சுற்றி, எண்ணெய் தடவிய சூலக் காகிதத்தையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். தூறல் நின்றால் மேகம், மேகம் விலகினால் தூறல். "மாமா, குழந்தைய மடில வச்சிக்கினு யாருக்கு வெய்ட் பண்றீங்க?" என்று கீழே இருந்து சரவணன். "சூரியன் மாமனுக்குடா." அதற்குள் சந்துக்கே தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு வானத்தைப் பார்க்கிறார்கள். இஸ்திரிக்காரனுக்கு வெயில் வேண்டுமாம் என்று பால்காரன் நின்று பார்த்துவிட்டுப் போகிறான். திடீரென்று ருக்மிணி தாய் அலறினார், "காகா! ஊன் ஆலம், ஊன் ஆலம்!" வெயில் வந்துவிட்டதாம். கம்பளியை உருவிக் காகிதத்தை வைத்துக் கண்ணாடியைக் கவிழ்த்தேன்.

நேரம் எப்படிக் கணக்கு வைப்பது? நீ போனில் பார்ப்பாய். ஆனால் ஒருநாள் நீ எனக்குச் சொன்னது நினைவு வந்தது, "கோடை வெயில்னா நீ ஒரு அரைக்கைச் சட்ட தேய்க்கிற நேரம்பா, மழைக்கால வெயில்னா முழுக்கைச் சட்ட." கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ளே தேய்த்தேன். முதலில் காலர், பிறகு தோள்பட்டி, ஒரு கை, மணிக்கட்டு, இன்னொரு கை. முதுகை நீவினேன். பித்தான் பக்கத்தில் பெட்டி முனையை மெதுவாக விட்டேன். மடித்து முடித்ததும் கண்ணைத் திறந்து சட்டத்தை மூடினேன். கீழே கொண்டுபோய்த் தண்ணீர் விட்டால், சூலம் கண் திறக்கிற மாதிரி வலையில் வெளிறிக்கொண்டு வந்தது. பையன்கள் ஒரே கூச்சல்.

அந்தக் கூச்சலில்தான் ஆரம்பித்தோம், அன்று சாயங்காலமே. ஜன்னல் திரையைச் சரவணன் ஓரமாகச் சுருட்டி முடிந்துவிட்டான், புழுக்கம் தாங்கவில்லை என்று. உடனே தலைகள். ஒருவன் சட்டை விரிக்கிறான், ஒருவன் சட்டத்தைத் தூக்குகிறான், நான் இழுக்கிறேன். "ஒரே இழுப்பு மாமா, அக்கா ரெண்டாவது தடவ தொட மாட்டாங்க" என்று வைபவ் எனக்குப் பாடம் எடுக்கிறான், இந்தியில். முதல் சட்டை அழகாக வந்தது. காய்ந்ததும் மேஜையில் போட்டேன், கை போயிற்று, தண்ணீர்! குவளையை வாசலுக்கு வெளியே வைக்க நீ இல்லையே. சூலம் கரைந்து ஒழுகிவிட்டது. பையன்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற அந்த நேரத்தில்தான் உன் போன் வந்தது. நான் டிவி என்றேன். உன்னிடம் சொல்லியிருந்தால் நீயும் சிரித்திருப்பாய்.

கூழ் ஊற்றுகிற அன்று எல்லாரும் சட்டை போட்டுக்கொண்டார்கள். கரைந்த சட்டை எனக்கு. "மாமா சூலத்துல மட்டும் மழ பெய்யுது" என்று அன்றைக்குப் பூராவும் கேலி. அம்மனுக்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டுதான் பானையைப் பிடித்தேன்.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, வேலைக்குப் போகிற பிள்ளைகள். சுருட்டிய திரையை நான் இறக்கவில்லை. போகிற வழியில் யாராவது ஜன்னலில் தலையைக் காட்டி, "என்னா மாமா, அடுத்தது எப்ப?" என்கிறார்கள். அடுத்தது என்று ஒன்று இருக்கும் என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். பிள்ளையார் சதுர்த்தி வருகிறது. அதனால்தான் பாப்பா, அந்தப் பையனை அனுப்பாதே. மேஜை போனால் எனக்கு இஸ்திரி போடவும் இடம் இல்லை, யாரும் எட்டிப் பார்க்கவும் ஒன்று இல்லை. உன்மேல் பாசம் இல்லாமல் வர மறுக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் வீட்டுக்கு வந்தால் நீ ஆபீஸிலிருந்து வருகிறவரை நான் உனக்காகக் காத்திருப்பேன். இங்கே இருந்தால் காத்திருக்கிற நேரத்தில் கொஞ்சம் வேலையும் இருக்கும்.

சதுர்த்திக்கு ஒரு படம் வரைந்து அனுப்பு. எனக்கு வரைய வராது, பையன்கள் வரைந்தால் பிள்ளையார் கோபித்துக்கொள்வார். குருவியைக் கழுவிவிட்டேன் என்று அழாதே, மறுபடி அதை வரையவும் வேண்டாம். அது வலையில் இருக்கிறது. சட்டையில் விழாது, வேலையைக் கெடுக்காது. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தால் எனக்கு மட்டும் தெரிகிறது.

இன்னொன்று. டீச்சர் எழுந்துவிட்டார், சொல்லிவிட்டு முடிக்கிறேன். உன் வீட்டில் தங்கியிருந்தபோது, நீ இல்லாத நேரத்தில் ஹால் ஜன்னல் திரையைக் கையில் பிடித்துப் பார்த்தேன். நல்ல நைலான், மெல்லிசு. பதினோராவது மாடி, திரை இல்லாவிட்டாலும் யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அதில் மை நன்றாக இறங்கும்.

அப்பா